எச்61 போர்டில் இரண்டு 8 டிபி டிரைவ்: எந்தக் கன்ட்ரோலர் கார்டு?

வாசகர் கேள்வி | 6 ஜனவரி 2024

2012இல் அசெம்பிள் செய்த வீட்டுக் கம்ப்யூட்டர். எச்61 (இன்டெல் சிப்செட்) மதர்போர்டு, ஐ3 பிராசசர், விண்டோஸ் 10. டிரைவ் மாட்டும் சாட்டா போர்ட் நாலும் நிறைந்துவிட்டது. பிள்ளைகளின் போட்டோ, வீடியோ, அப்பா வைத்திருந்த கேசட்டுகளிலிருந்து மாற்றிய பாட்டுகள் என்று 3 டிபியைத் தொட்டாயிற்று. 8 டிபியில் இரண்டு டிரைவ் வாங்கப் போகிறேன். நல்ல ரெய்டு கார்டு (பல டிரைவை ஒரே தொகுப்பாக நடத்தும் கார்டு) ஒன்று சொல்லுங்கள். போர்டின் சாட்டா வேகம் 3 ஜிபிபிஎஸ்தான் (நொடிக்கு 3 கிகாபிட்). கார்டு 6 ஜிபிபிஎஸ் என்பதால் வேகமும் கூடும் அல்லவா?

6 ஜனவரி, இரவு

ரெய்டு கார்டு வேண்டாம். வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

அந்தக் கார்டு டிரைவ்களைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும். எந்த டிரைவ் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற விவரத்தைத் தனக்கே உரிய முறையில் டிஸ்கில் எழுதிவைக்கும். நாளைக்குக் கார்டு போனால் பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டைத் தேடிப் பிடித்தால்தான் டேட்டாவைப் பார்க்க முடியும். எழுதுவதை வேகப்படுத்தும் கேஷுக்கு (கார்டில் உள்ள தற்காலிக நினைவகம்) ஒரு பேட்டரி இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார்டில் அது பெரும்பாலும் செத்திருக்கும். பேட்டரி செத்ததும் கார்டு பாதுகாப்புக்காக கேஷை விட்டுவிட்டு நேராக டிஸ்கில் எழுத ஆரம்பிக்கும். வேகத்துக்காக வாங்கினீர்கள் என்றால் அந்த வேகமும் போச்சு.

இரண்டு டிரைவில் ஒரே டேட்டா வேண்டும் என்றால் விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் இருக்கிறது. அதுவும் தேவையா என்பதைப் பிறகு பார்ப்போம்.

7 ஜனவரி

வேகக் கணக்கு. 3 ஜிபிபிஎஸ் சாட்டாவில் கம்பியில் போகும் ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 பிட்தான் டேட்டா. அதனால் நொடிக்கு 300 எம்பி. 6 ஜிபிபிஎஸ் என்றால் 600. சுழலும் டிரைவ் எவ்வளவு தரும்? இன்றைய 8 டிபி டிரைவ் தட்டின் வெளி வட்டத்தில் 200 எம்பியை ஒட்டித் தரும், உள்ளே போகப் போகக் குறைந்து கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடும். அந்தப் பழைய 3 ஜிபிபிஎஸ் போர்ட்டையே அதனால் நிரப்ப முடியாது. 6 என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

எஸ்எஸ்டிக்கு மட்டும் வித்தியாசம் தெரியும், அதுவும் பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது. விண்டோஸ் திறப்பதில் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

7 ஜனவரி, மாலை

கேட்டவருக்கு ஒரு கேள்வி: நாலு போர்ட்டிலும் என்னென்ன மாட்டியிருக்கிறது?

9 ஜனவரி

பதில் வந்திருக்கிறது. எஸ்எஸ்டி, 1 டிபி, 2 டிபி, அப்புறம் ஒரு டிவிடி ரைட்டர்!

டிவிடி ரைட்டரைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்றால் "ஞாபகம் இல்லை" என்கிறார். அதைக் கழற்றினால் ஒரு போர்ட். 8 டிபியில் எல்லாம் அடங்கும் என்பதால் 1 டிபி டிரைவைக் கழற்றினால் இன்னொரு போர்ட். இரண்டு புது டிரைவுக்கும் இடம் வந்துவிட்டது. கார்டு செலவு பூஜ்யம்.

இதைப் படித்துவிட்டு ஒருவர், "கார்டு வாங்குகிற ஆர்வத்தில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே" என்று எழுதியிருக்கிறார். ஆர்வம் எனக்கும் உண்டு சார். என் மேசை இழுப்பறையில் மூன்று தலைமுறைக் கார்டு கிடக்கிறது.

10 ஜனவரி

இப்போது டிரைவ். கார்டில் விட்ட கவனத்தை இங்கே வையுங்கள்.

டிரைவில் எழுதும் முறை இரண்டு: சிஎம்ஆர், எஸ்எம்ஆர். முதலாவதில் ஒவ்வொரு டிராக்கும் (தட்டில் டேட்டா எழுதும் வட்டப் பாதை) தனித்தனி. எஸ்எம்ஆரில் ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியதுபோல ஒரு டிராக்கின் விளிம்பின் மேல் அடுத்தது ஏறி உட்கார்ந்திருக்கும். தட்டில் அதிக டேட்டா அடங்கும், ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டும் என்றால் அதற்கு மேல் அடுக்கிய அத்தனையையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். இது தெரியாமல் இருக்க டிரைவ் ஒரு வேலை செய்யும். தட்டில் ஒரு பகுதியைச் சாதாரண முறையில் வைத்துக்கொண்டு, வருவதை முதலில் அங்கே போட்டுவைத்து, சும்மா இருக்கும் நேரத்தில் உள்ளே அடுக்கும். அந்தப் பகுதி நிறைந்தால்தான் சாயம் வெளுக்கும்.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. முதல் சில பத்து ஜிபி வரை காப்பி ஜன்னலில் பச்சைக் கோடு நேராகப் போகும். பிறகு மலையிலிருந்து விழுந்து தரையோடு தரையாக ஊரும், நடுநடுவே பூஜ்யம் தொடும். காப்பியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து டிரைவில் காதை வைத்தால் உள்ளே கரகரவென்று வேலை நடக்கும். நாம் எதுவும் கேட்கவில்லை, அது பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருக்கிறது.

எந்த மாடல் எது என்பதை அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் போடுவதில்லை. 2020 ஏப்ரலில் இது பெரிய சண்டையாகவே ஆனது. நாஸுக்கு (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) என்று விற்ற டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான இஎஃப்ஏஎக்ஸ் மாடல்கள் எஸ்எம்ஆர் என்று அப்போதுதான் வெளியே வந்தது. பழைய இஎஃப்ஆர்எக்ஸ் சிஎம்ஆர். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பிறகுதான் ரெட் என்றால் எஸ்எம்ஆர், ரெட் பிளஸ், ரெட் ப்ரோ என்றால் சிஎம்ஆர் என்று பிரித்தார்கள். சீகேட் பாரகுடா 8 டிபி, எஸ்டி8000டிஎம்004, எஸ்எம்ஆர். அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். கடைக்காரரிடம் "8 டிபி கொடுங்கள்" என்று கேட்காமல் முழு மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

11 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்தால் எஸ்எம்ஆர் ஏதோ தீண்டத்தகாத பொருள் என்பதுபோல் தெரிகிறது. அப்படி இல்லை. ஒருமுறை எழுதி, அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை புதியதை மட்டும் சேர்க்கிற பேக்கப் டிரைவுக்கு அது தாராளம். என்னுடையது அந்த வேலையைத்தான் செய்கிறது. முதல் காப்பி மட்டும் விடிய விடிய ஓடும். ரெய்டிலோ, பல டிரைவைச் சேர்த்து நடத்தும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்ஸிலோ போட்டால்தான் தலைவலி. ஒரு டிரைவ் போய் அதன் இடத்தில் எஸ்எம்ஆரை மாட்டி முழுவதையும் திரும்ப எழுதும்போது அது திணறும், சில கன்ட்ரோலர்கள் பொறுமை இழந்து டிரைவ் செத்தது என்றே முடிவு கட்டிவிடும்.

ஆகவே கேட்டவருக்கு: தினமும் ஓடும் டிரைவ் சிஎம்ஆர். இரண்டாவது, பேக்கப்புக்கு மட்டும் என்றால் எது மலிவோ அது.

11 ஜனவரி, பின்னிரவு

மிரர் (இரண்டு டிரைவிலும் எப்போதும் ஒரே டேட்டா) போடுவதா, தனித்தனியாக வைப்பதா? தனித்தனி. மிரரில் ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். டிரைவ் செத்தாலும் வேலை நிற்கக் கூடாது என்கிற அலுவலகத்துக்குத்தான் மிரர். குடும்பப் போட்டோவுக்கு வேண்டியது இன்னொரு இடத்தில் இன்னொரு பிரதி.

17 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தால் இழை எங்கேயோ போயிருக்கிறது. வேறொருவர் எட்டு டிரைவ் மாட்டப் போகிறாராம். அவருக்குக் கார்டு உண்மையிலேயே தேவை. நானும் சந்தோஷமாக எழுதலாம்.

எட்டு என்றால் சர்வர்களில் இருந்து கழற்றி விற்கும் எச்பிஏ கார்டுதான் (நிறைய டிரைவ்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கார்டு) முதல் தேர்வு. எல்எஸ்ஐ 9211-8ஐ, அதே எஸ்ஏஎஸ்2008 சிப்பில் வந்த ஐபிஎம் எம்1015, டெல் எச்200. இவற்றில் ஐடி மோடு ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். ஏற்றியபின் கார்டு ரெய்டு வேலை எதுவும் பார்க்காது, டிரைவ்களை அப்படியே நம்மிடம் காட்டும். 20.00.07.00 பதிப்பாக இருக்கட்டும். இதற்கு முந்தைய தலைமுறை 1068இ கார்டுகள் இன்னும் மலிவாகக் கிடைக்கும். தொடாதீர்கள். 2 டிபிக்கு மேல் அவற்றுக்குக் கண் தெரியாது.

மூன்று விஷயம் யாரும் சொல்வதில்லை. முதலாவது சூடு. சர்வருக்குள் இடைவிடாமல் காற்று வீசும் என்ற நம்பிக்கையில் செய்த கார்டு இது. வீட்டு கேபினட்டில் அதன் ஹீட்சிங்க்கில் விரல் வைத்தால் படக்கென்று எடுப்பீர்கள். மேலே ஒரு சின்ன ஃபேன் கட்டுங்கள். இரண்டாவது கரண்ட். சும்மா இருக்கும்போதே 10 வாட் அளவில் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் 14, 15 யூனிட் கூடும். மூன்றாவது கேபிள். ஒரு பக்கம் எஸ்எஃப்எஃப்-8087, மறுபக்கம் நாலு சாட்டா தலை. இதில் ஃபார்வர்டு, ரிவர்ஸ் என்று இரண்டு வகை, பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கார்டிலிருந்து டிரைவுக்குப் போவது ஃபார்வர்டு. மற்றதை மாட்டினால் எதுவும் எரியாது, எதுவும் தெரியவும் தெரியாது.

எச்61 மாதிரி போர்டில் இதை வைக்க ஒரே இடம் கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட். பயாஸில் உள்ளிருக்கும் கிராபிக்ஸையே முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

18 ஜனவரி

"நாலு டிரைவுக்குச் சின்னக் கார்டு போதாதா, எச்பிஏ எதற்கு?" என்று கேள்வி. போதும். ஆனால் சிப் பெயர் பாருங்கள். ஏஎஸ்எம்1061 என்றால் இரண்டு போர்ட். ஏஎஸ்எம்1064 நாலு. ஜேஎம்பி585 ஐந்து. ஏஎஸ்எம்1166 ஆறு. கடைசி இரண்டும் பிசிஐஇ (கார்டு மாட்டும் ஸ்லாட்டின் விதி) 3.0இல் இரண்டு லேன் (டேட்டா போகும் தடம்) கேட்கும். எச்61இன் குட்டி ஸ்லாட் பிசிஐஇ 2.0, ஒரே லேன், நொடிக்கு 500 எம்பி. அதில் எந்தக் கார்டை வைத்தாலும் நாலு டிரைவும் அந்த 500ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

அது குறையா? ஒவ்வொன்றாகப் படித்தால் இல்லை. வீட்டு நெட்வொர்க் கிகாபிட் என்றால் அதில் வருவதே 110 எம்பி சொச்சம். எல்லா டிரைவையும் சேர்த்துச் சரிபார்க்கும் நாளில் மட்டும் தெரியும். டிரைவுக்கு 100 எம்பி வீதம் 8 டிபி படிக்க 22 மணி நேரம். தடையில்லாமல் சராசரி 180 வந்தால் 12 மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

21 ஜனவரி

நேற்று ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன், வேறு வேலையாக. மேலே சிப் பெயர் பார்க்கச் சொன்னேனே, அது கடையில் எப்படி இருக்கும் என்பதற்காக எழுதுகிறேன்.

பத்து போர்ட் கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினார் பையன். "சார், டென் போர்ட், ஃபுல் ஸ்பீடு." ஸ்லாட்டில் போகும் தங்கப் பட்டையைப் பார்த்தால் ஒரே லேன். போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பிடித்தேன். ஹீட்சிங்க்குக்கு அடியில் ஒரு சிப், அது தெரியவில்லை. ஆனால் போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னச் சதுரங்கள் மூடாமல் இருந்தன. இரண்டிலும் ஜேஎம்பி575. அது கன்ட்ரோலரே இல்லை. ஒரு சாட்டா போர்ட்டை ஐந்தாகப் பிரிக்கும் மல்டிப்ளையர். அதாவது உள்ளே இருப்பது இரண்டு போர்ட் சிப், அதிலிருந்து ஐந்து ஐந்தாகப் பத்து. ஒரு டிரைவ் தகராறு செய்து லிங்க் ரீசெட் ஆனால் கூட இருக்கும் நாலும் சேர்ந்து காணாமல் போக வாய்ப்பு உண்டு. எட்டு டிரைவ் சார், இதை வாங்கிவிடாதீர்கள்.

"இது வேண்டாம் தம்பி" என்றேன். "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க, சியா மைனிங்குக்கு" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். சியா என்பது டிஸ்க் இடத்தைக் கொண்டு சம்பாதிக்கும் கிரிப்டோ நாணயம். எழுதிவைத்ததை அவ்வப்போது படிக்கிற அந்த வேலைக்கு இது ஓடும்.

22 ஜனவரி

ஒரு பெரியவர் பழைய கதையைக் கிளப்பியிருக்கிறார், நானும் கொஞ்சம் திசை மாறிக்கொள்கிறேன்.

எண்பதுகளில் கன்ட்ரோலர் கார்டு தேர்வு என்பது உயிர்நாடி. அப்போது டிரைவ் வெறும் மோட்டாரும் ஹெட்டும். டேட்டாவைப் பிட்டாக மாற்றுவது, செக்டர் பிரிப்பது எல்லாம் கார்டு வேலை. சீகேட் எஸ்டி-225 டிரைவ், எம்எஃப்எம் என்ற முறையில் எழுதும் கார்டில் 20 எம்பி. டிராக்குக்கு 17 செக்டர். அதே உடம்பை, இன்னும் நெருக்கமாக எழுதும் ஆர்எல்எல் முறைக் கார்டுக்கென்று தேர்ந்தெடுத்து எஸ்டி-238ஆர் என்று விற்றார்கள். அதில் டிராக்குக்கு 26 செக்டர், 30 எம்பி. கார்டை மாற்றினால் டிரைவே பெரிதாகும் காலம். ஆர்எல்எல்லுக்குத் தேறாத டிரைவில் ஆசைப்பட்டு அப்படி ஃபார்மட் செய்தவர்கள் பிறகு டேட்டாவைத் தேடினார்கள்.

ஐடிஇ வகை டிரைவ் வந்ததும் அந்த மூளை டிரைவின் முதுகிலேயே ஏறிவிட்டது. இன்று ஸ்லாட்டில் மாட்டுவது தபால்காரர் வேலை மட்டும் பார்க்கிறது. 3 ஜிபிபிஎஸ்ஸா 6 ஜிபிபிஎஸ்ஸா என்று கவலைப்படுபவரிடம் டிரைவ் மாடலைப் பார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். "டிரைவ் போர்டை மாற்றிக் கொடுக்கிறோம்" என்று சொல்லும் கடைகளிடமும் இதனாலேயே ஜாக்கிரதை. அந்த டிரைவுக்கு என்றே தொழிற்சாலையில் அளந்த அளவுகள் போர்டில் உள்ள ராம் சிப்பில் இருக்கும். அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றாமல் வேறு போர்டைப் பொருத்தினால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.

22 ஜனவரி, சற்று நேரத்தில்

மேலே ராம் என்று இருப்பது ரோம். எழுத்துப்பிழை பிடித்த இருவருக்கும் வணக்கம்.

23 ஜனவரி

போர்டில் உள்ள போர்ட்டுகளை நம்பலாமா என்று ஒருவர். 6 சீரிஸ் சிப்செட் பற்றிப் பழைய செய்தி ஒன்றைப் படித்துப் பயந்திருக்கிறார். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் அறிவித்ததுதான் அது. பி67, எச்67 போர்டுகளின் 3 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள் நாளடைவில் தளர்ந்துபோகும் கோளாறு. மாற்றிக்கொடுக்க 70 கோடி டாலர் ஆகும் என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். திருத்திய பி3 சிப்கள் பிப்ரவரி இறுதியில் வர ஆரம்பித்தன. 2012இல் வாங்கிய போர்டுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

27 ஜனவரி

கேட்டவர் ஒரு வெளிப்புற யுஎஸ்பி டிரைவை வாங்கி உடைத்து உள்ளே இருந்த 8 டிபியை எடுத்துவிட்டாராம். தனி டிரைவைவிட மலிவாகக் கிடைத்ததாம். கம்ப்யூட்டரில் மாட்டினால் உயிரே இல்லை என்று பதறுகிறார்.

டிரைவ் செத்திருக்காது. பவர் கனெக்டரில் 15 பின். டேட்டா கனெக்டர் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் முதல் மூன்றும் பழைய காலத்தில் 3.3 வோல்ட். புதிய சாட்டா விதியில் மூன்றாவது பின்னுக்கு வேறு வேலை: அங்கே மின்சாரம் வந்தால் டிரைவ் அணைந்திருக்க வேண்டும். டேட்டா சென்டரில் தொலைவிலிருந்தே டிரைவை அணைத்துப் போட இது உதவும். உங்கள் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பழைய விதிப்படி அங்கே 3.3 கொடுக்கிறது. டிரைவ் சொன்ன பேச்சைக் கேட்டு அணைந்தே கிடக்கிறது.

மருந்து: சூடு தாங்கும் மஞ்சள் காப்டன் (Kapton) டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி, டிரைவ் பக்கத்தில் அந்த முதல் மூன்று பின்னை மூடுங்கள். மூன்றையும் சேர்த்து மூடுவது எளிது, முதல் இரண்டையும் டிரைவ் பயன்படுத்துவதில்லை. நகத்தால் தேய்த்து ஒட்டாமல் பல் குச்சியின் மழுங்கிய முனையால் அழுத்துங்கள். கனெக்டரை நேராக ஒரே தள்ளில் ஏற்ற வேண்டும், ஆட்டினால் டேப் சுருண்டுவிடும். செல்லோடேப் வேண்டாம், சூட்டில் பசை இளகும்.

பழைய நாலு பின் பவர் கனெக்டரான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளில் 3.3 வோல்ட்டே இல்லாததால் அதுவும் வேலை செய்யும். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி மூடிய தலை உள்ள மலிவு வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் உலகம் பூரா உண்டு. என் வீட்டில் டேப்தான்.

28 ஜனவரி

ஓடுகிறதாம். சந்தோஷம். வாரன்டி போயிருக்கலாம் என்பதை அவர் மனைவியிடம் சொல்வாரா என்பது நம் பிரச்சினை இல்லை.

புது டிரைவுக்கு எந்தப் பார்ட்டிஷன் முறை என்று விண்டோஸ் முதலில் கேட்கும்போது ஜிபிடி என்று தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் என்று கொடுத்தால் 2 டிபிக்கு மேல் உள்ளது அப்படியே வீணாகக் கிடக்கும். போர்டு பழசு என்ற பயம் வேண்டாம், இதிலிருந்து பூட் செய்யப் போவதில்லையே.

4 பிப்ரவரி

புது டிரைவை நம்பி உடனே பழையதை அழிக்காதீர்கள். முதலில் ஃபார்மட் செய்யும்போது 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழுதாக ஓட விடுங்கள், ஒரு நாள் எடுக்கும், எடுக்கட்டும். பிறகு டிரைவ் தன் உடல்நலத்தைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகளும் (கெட்டுப்போன செக்டர் கணக்கு) பூஜ்யமா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று ஏறியிருந்தால் டேட்டா போடும் முன்பே திருப்பிக் கொடுக்க வழி பாருங்கள். 199 மட்டும் ஏறினால் டிரைவைத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் டேட்டா கேபிள் கோளாறு. கேபிளை மாற்றிவிட்டுப் பாருங்கள், எண் குறையாது, ஆனால் மேலே ஏறுவது நிற்கும்.

5 பிப்ரவரி

கேபினட்டுக்குள் டிரைவ் கூடிவிட்டதால் எஸ்எம்பிஎஸ் பற்றி இரண்டு வரி. ஒவ்வொரு டிரைவும் சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகள் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். மூன்று டிரைவுக்கு நல்ல எஸ்எம்பிஎஸ் அசராது. எட்டு டிரைவ் சார், உங்களுக்கு 16 ஆம்பியர். ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை விட்டுவிட்டு 12 வோல்ட் வரிசையில் என்ன எண் என்று பாருங்கள்.

11 பிப்ரவரி

கேட்டவரின் கடைசிக் கேள்வி: கழற்றிய 1 டிபி டிரைவை அண்ணன் மகனுக்குக் கொடுக்கலாமா? முதலில் 5, 197 பாருங்கள். சுத்தமாக இருந்தால் கொடுங்கள். கொடுக்கும் முன் இதற்கும் முழு ஃபார்மட். குவிக் ஃபார்மட் செய்து கொடுத்தால் இலவச மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டி உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட் வரை அவன் எடுத்துவிடுவான். டிவிடி ரைட்டரையும் அவனுக்கே தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், வாங்க மாட்டான்.